இடது திருப்பத்தில் ஒரு டக்டக்

ஏங்க, சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க. கார் சாவியைத் தேடாதீங்க, என்கிட்ட இருக்கு.

காலையில நீங்க குளிக்கிறப்ப வண்டியை ஒரு சுத்து ஓட்டிப் பார்த்தேன். உங்க ஆபீஸ் தோழி சொன்ன மாதிரி அது பேரிங் இல்ல. பேரிங் போனா நேர் ரோட்டுலயும் உறுமும். இது ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசா ஒடிச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சா மட்டும் டக்டக்குங்குது. வலது சக்கரத்து ஆக்ஸில் ஜாயின்ட் தேஞ்சு போச்சு. ரப்பர் உறை கிழிஞ்சு, கிரீஸெல்லாம் சக்கரத்து உள்பக்கம் தெறிச்சுக் கிடக்கு.

ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் காது கொடுக்கிற மெக்கானிக் நான் வீட்டுக்குள்ளயே இருக்கேன். நம்ம வண்டிச் சத்தத்தை நீங்க முதல்ல அவங்க காதுல போட்டிருக்கீங்க.

அதுவும் எங்க வெச்சு? நம்ம வீட்டுலேருந்து ஆபீஸ் வரைக்கும் அப்படி ஒடிச்சுத் திரும்பற இடமே கிடையாது. அவங்க சந்துக்குள்ள நுழையறப்பதான் இருக்கு.

சாயங்காலம் புது ஜாயின்ட் வாங்கிட்டு வந்து நானே மாட்டிடறேன். அதுவரைக்கும் உங்களுக்கும் பஸ், அவங்களுக்கும் பஸ்.

மறந்துட்டேன்: மழை வரும்போல இருக்கு. பெரிய குடையை நான் எடுத்துட்டுப் போறேன். சின்னது கதவுல மாட்டியிருக்கு. அதுல ஒருத்தர்தான் நனையாம நிக்க முடியும்.