தூதுவரிடம் நீங்கள் கேட்டது

அக்கா,

தேவாலயத்துப் பங்கு மண்டபத்துக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். அந்த மணம் என் வீடு வரைக்கும் வருகிறது. நாளைக்கு இன்னொரு நாட்டின் தூதுவர் வருகிறாராம். மொழிபெயர்க்க வரச்சொல்லி சுவாமி கேட்டார். ஓம் என்றுவிட்டேன். நீங்கள் இல்லாமல் அந்த மண்டபத்தில் நான் ஒருநாளும் மொழிபெயர்த்ததில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

முதலில் வந்த தூதுவர் ஒரு பெண்மணி. கடலுக்கு வெளிக்கிட்ட உங்கள் மகன் ஜெறோமைப் பள்ளிமுனை வீதியில் வைத்து யாரோ வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன கதையை நீங்கள் அழாமல் சொன்னீர்கள். அழுதது அவர்தான். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் நாட்டுத் தலைவரிடம் நேரடியாகவே கேட்பேன்" என்றார்.

"நல்ல மனுசி. கட்டாயம் கேப்பா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

அடுத்த கிழமை பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். முன்பக்கத்தில் நாட்டுத் தலைவரும் அந்தத் தூதுவரும் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். துறைமுகத்துக்கு உதவி, வர்த்தகத்துக்குச் சலுகை என்று நீளமான செய்தி. "எனக்குக் கண் தெரியேல்லை, நீ வாசி" என்றீர்கள். மனித உரிமைகள் குறித்தும் பேசப்பட்டது என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

"அந்த ஒரு வரிக்குள்ள என்ர பிள்ளை இருக்கிறானோ?"

தெரியாது அக்கா என்றேன். இன்றைக்கும் தெரியாது.

பிறகு சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் உங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வெளிநாட்டாருக்கு என்ன சொன்னாய் என்று உடைந்த தமிழில் கேட்டார்கள். தூதுவர் உங்கள் கையைப் பிடித்திருந்த படம் அவர்களிடம் இருந்தது. தேடி எடுத்த படமில்லை. தூதரகமே பெருமையாக இணையத்தில் போட்டிருந்தது.

அந்த மாதம் உங்கள் மருமகனுக்குக் கடலுக்குப் போகிற பாஸ் கொடுக்காமல் கடற்படை முகாமிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். மகள் உங்கள் முற்றத்தில் வந்து நின்று, "தம்பியைத் தேடித் தேடி என்ர பிள்ளையளையும் பட்டினி போடப் போறீங்களோ அம்மா?" என்று கேட்டாள். நான் உங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

இனி வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டாவது தூதுவர் வந்த அன்று முன்வரிசைக் கதிரையில் இருந்தீர்கள்.

"நாளைக்குக் கொழும்பில நாட்டுத் தலைவரோட இருந்துதானே சாப்பிடுவீங்கள்?" என்று கேட்டீர்கள்.

தூதுவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டால் உங்களுக்காகப் பேச ஒருவரும் இருக்கமாட்டார்கள், அதனால்தான் தொடர்ந்து கதைக்கிறோம் என்று பொறுமையாக விளக்கினார். அதில் நியாயம் இல்லாமலில்லை என்று மொழிபெயர்க்கும்போதே எனக்குத் தோன்றியது.

"கதைக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை ஐயா," என்றீர்கள். "தலைவர் என்ன மறுமொழி சொன்னவர் எண்டு எனக்குச் சொல்லி அனுப்புங்கோ. பிள்ளை இல்லையெண்டு சொன்னாலும் சொல்லுங்கோ. நான் தாங்குவன்."

நிச்சயமாக என்றார். நத்தார் பண்டிகைக்குத் தூதரகத்திலிருந்து வாழ்த்து அட்டை வந்தது. மறுமொழி வரவில்லை. போன மாரியில் மன்னார் ஆஸ்பத்திரியில் நீங்கள் கண்ணை மூடும்வரைக்கும் வரவில்லை.

மொழிபெயர்ப்பவர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, பேசுகிறவரின் வாயாகவே பேசவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதனால் பிள்ளை பெறாத நான், "என் மகன் எங்கே?" என்று இங்கிலீசில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு அது என்னுடைய கேள்வியாகவே போய்விட்டது.

நாளைக்கு வேறொரு தாய் பேசுவாள். அவள் சொல்வதை ஒரு சொல் குறையாமல் சொல்லுவேன். அவள் முடித்ததும், தூதுவர் எழும்ப முதல், ஜெறோமின் பெயரைச் சொல்லி நானாகவே கேட்பேன். அது என் வேலையில்லை. வாசலில் சிவில் உடுப்பில் யார் நிற்பார்கள் என்றும் தெரியும்.