இடது கை மரத்த வாரம்

மார்ச் 2, சனி. பெலீஸ் சிட்டி துறை

முக்குளிக்க வந்த பதினாறு பேர் படகில் ஏறினார்கள். ஒவ்வொருவர் காலுக்கும் துடுப்புச் செருப்பு அளவு பார்த்து, அறை காட்டி, கழிவறையில் காகிதம் போடாதீர்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. பத்தொன்பது வருடமாக இதே பேச்சு. வாய் தானாகப் பேசுகிறது. நான் எங்கோ நிற்கிறேன்.

மூன்றாவது வழிகாட்டியாக இருந்த டோபியாஸ் விலகி இது மூன்றாவது வாரம். நானும் கென்ரிக்கும் மட்டும். ஆளுக்கு எட்டுப் பேரைக் கடலடிக்கு அழைத்துப்போக வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு டைவ், சில நாள் ஐந்து.

"ஒரு வாரந்தான் வெர்லீன், சமாளிச்சுக்கோ. அடுத்த வாரம் ஆள் வந்துடும்" என்றார் கேப்டன் எல்ராய். போன வாரமும் இதைத்தான் சொன்னார்.

மார்ச் 3, ஞாயிறு. டர்னெஃப் பவளத்திட்டு

வாரன் என்று ஒருவர். ஒஹையோவில் பல் டாக்டராம். அறுபதைத் தாண்டியவர். மனைவி ஜாய்ஸும் வந்திருக்கிறாள். காலையில் மேசையில் ஆள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். சளியா என்று கேட்டேன். தூசி ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான் என்றார். மூன்று மீட்டர் இறங்கியதுமே நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கட்டை விரலை உயர்த்தி மேலே அனுப்பினேன்.

மேல்தளத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா இந்த ஒரு வாரத்துக்காகக் காத்திருந்தேன். என் உடம்பப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"மூக்கு அடைச்சிருக்கும்போது இறங்கினா காது கிழியும் சார். சளி விடுற வரைக்கும் நீங்க மேலதான்."

"அத நீ யார் முடிவு பண்ண?"

"இறங்கறவங்க முடிவு பண்ணக்கூடாதுங்கறதுக்குத்தான் என்ன வெச்சிருக்காங்க."

நன்றாகத்தான் சொன்னேன். ஆனால் குரல் கொஞ்சம் தடித்துவிட்டது. களைப்பு.

மார்ச் 4, திங்கள்

வாரன் என்னோடு பேசவில்லை. நல்லது. பேச எனக்கும் தெம்பில்லை.

மார்ச் 5, செவ்வாய். லைட்ஹவுஸ் பவளத்திட்டு

வாரனுக்குச் சளி விட்டுவிட்டது. பள்ளிக்கூடப் பையன் மாதிரி முன்னால் வந்து நின்று மூக்கைப் பிடித்து ஊதிக் காட்டினார். இரண்டு காதும் திறந்தன. சரி, இறங்குங்கள் என்றேன். சிரிக்கவில்லை மனிதர். ஆனால் தண்ணீருக்குள் ஒரு கழுகுத் திருக்கை வந்தபோது என் தோளைத் தட்டிக் காட்டினார். நான் ஆயிரம் முறை பார்த்தது. அவருக்காக வியந்ததுபோல் கையை விரித்தேன்.

ஐந்து டைவ். ஈர உடையைக் கழற்றாமலே படுக்கையில் உட்கார்ந்திருக்கி...

மார்ச் 6, புதன். நீலக்குழி

நேற்று எழுதிக்கொண்டே தூங்கிப்போனேன். இன்று சாம்பல் புதன். சமையல்காரி கிளாரிட்டா இறைச்சியைத் தொடவில்லை. தேங்காய்ப்பாலில் மீன், வாழைக்காய் மசியல். தட்டை என் முன்னால் வைத்து, "நோன்பு எனக்குத்தான். உனக்கில்ல, சாப்பிடு. எலும்பாத் தெரியற" என்றாள். பாதிதான் இறங்கியது.

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கடலுக்குள் கிணறு மாதிரி இறங்கும் இந்த நீலக்குழியில் நாற்பது மீட்டருக்குக் கீழே யாரும் போகக்கூடாது, எட்டு நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது. காலையில் இரண்டு முறை சொன்னேன். சுண்ணாம்புத் தூண்களுக்கு இடையில் தலைகளைப் பார்த்துக்கொண்டே வருகிறேன், வாரனைக் காணவில்லை. கீழே பார்த்தால் — கைகளை விரித்துக்கொண்டு, மெதுவாக, இருட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறார். ஆழம் தலைக்கேறிவிட்டது. குடித்தவன் போல ஆகிவிடும், பயமே தெரியாது.

மற்றவர்களைக் கென்ரிக்கிடம் காட்டிவிட்டுத் தலைகீழாகப் போனேன். சிலிண்டர் வாரைப் பிடித்தபோது என் கையில் கட்டிய ஆழமானி ஐம்பத்து நான்கு மீட்டர் காட்டியது. முகமூடிக்குள் அவர் கண் சிரித்துக்கொண்டிருந்தது. இழுத்தேன். வேகமாகத்தான் ஏறினோம், வேறு வழியில்லை. ஐந்து மீட்டரில் கயிற்றைப் பிடித்து நின்று உடம்பு வாங்கிய காற்றைக் கழிக்க வேண்டும். அவர் சிலிண்டர் காலி, என்னுடையதும் கிட்டத்தட்ட. அங்கே தொங்கும் அவசர சிலிண்டரில் இரண்டு வாய்க்குழாய். ஒன்றில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். இன்னொன்றை வாரன் வாயில் வைத்தேன். நான் நிற்க வேண்டிய நேரத்தில் பாதிகூட நிற்காமல் மேலே வந்தேன்.

கேப்டன் வாரனுக்கு ஆக்சிஜன் கொடுத்து உட்கார வைத்தார். அவருக்கு ஒன்றுமில்லை.

"நீ?" என்று கேப்டன் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன்."

பிற்பகல் டைவுக்கும் இறங்கினேன். நான் இறங்காவிட்டால் எட்டுப் பேர் சும்மா உட்கார வேண்டும்.

மார்ச் 7, வியாழன்

இடது கையில் சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் மரத்திருக்கின்றன. கையை மடித்துப் படுத்திருப்பேனோ? தோளில் அரிப்பு. கண்ணாடியில் பார்த்தால் தோல் ஊதா வரிவரியாக இருக்கிறது.

என்னவென்று எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். கயிற்றில் நிற்காமல் ஏறி ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டினால் இப்படித்தான் தொடங்கும், உடனே சொல்லுங்கள், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று.

மூன்று டைவ் இறங்கினேன்.

மாலையில் காப்பிக் கோப்பை கையிலிருந்து நழுவி உடைந்தது. பிடித்திருக்கிறேன் என்றே நினைத்தேன். எதிரில் வாரன். துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்தக் கை? இடதா? எப்பலேர்ந்து?"

"ஒண்ணுமில்ல சார்."

"நானும் ஞாயித்துக்கெழமை அப்படித்தான் சொன்னேன். இறங்கறவங்க முடிவு பண்ணக்கூடாதுன்ன. ஒனக்கு யார் முடிவு பண்றது?"

"நாளைக்கு ரெண்டே டைவ். அப்புறம் கரை. இப்ப சொன்னா படகு திரும்பணும். கேப்டன்கிட்டச் சொல்லிடாதீங்க. தயவுசெஞ்சு."

சரி என்று தலையை ஆட்டினார். "என்னாலதான ஆச்சு" என்றார்.

அவர் கையிலிருந்த துண்டுகளை வாங்கிக்கொண்டேன். இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

மார்ச் 8, வெள்ளி. படகில், பழக்கமில்லாத வலது கையால் எழுதுகிறேன்

காலை டைவ், பதினெட்டு மீட்டர். ஜாய்ஸின் எடைப்பட்டி கொக்கி விட்டுக் கழன்று விழுந்தது. எடை போனால் உடம்பு தக்கை மாதிரி மேலே பாயும். பக்கத்தில்தான் இருந்தேன். அவள் கை நீட்டினாள். நான் பிடித்தேன். இடது கையால். பிடித்தேன் — பிடித்தேன்னுதான் நெனச்சேன் — அவ விரல் என் விரல்லேர்ந்து உருவிக்கிட்டுப் போவுது, எனக்கு ஒண்ணுமே தெரியல. அவ கண்ணு மட்டும் தெரியுது.

கென்ரிக் எங்கிருந்து வந்தானோ. ஏழு மீட்டரில் அவள் காலைப் பிடித்துத் தொங்கினான். மூச்சை விடு, மூச்சை விடு என்று சைகை காட்டிக்கொண்டே மெதுவாக ஏற்றினான். ஜாய்ஸுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. நான்கு முறை கேட்டுவிட்டேன்.

ஏணியில் என் கால் நிற்கவில்லை. மேலே இழுத்துப் போட்டார்கள். எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "கேப்டன், எனக்குக் குமிழி கட்டியிருக்கு. புதன்கெழமையிலேர்ந்து."

"ரெண்டு நாளா?" எல்ராய் கத்தினார். "ரெண்டு நாளா வாய மூடிக்கிட்டு இறங்கினியா? உனக்குப் பைத்தியமா?"

"சொன்னா யார் இறங்குவா? நீங்களா?"

அவர் ஓடிப்போய் சான் பெட்ரோ பக்கம் படகைத் திருப்பினார். அங்கேதான் குமிழியைக் கரைக்கும் அழுத்த அறை இருக்கிறது.

ஆக்சிஜன் முகமூடி. கிளாரிட்டா என் கால்மாட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே பாதத்தைத் தேய்க்கிறாள். வாரன் வந்தார், பின்னாலேயே ஜாய்ஸ். ஜாய்ஸும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

"நான்தான வேண்டான்னேன்."

"வேண்டான்னாலும் சொல்லியிருக்கணும்."

ஆமாம் என்று தோன்றியது. நானும்தான்.

மார்ச் 9, சனி. சான் பெட்ரோ

ஆள் படுக்குமளவு இரும்பு உருளை. உள்ளே ஐந்து மணி நேரம். பதினெட்டு மீட்டர் ஆழத்து அழுத்தம், ஆனால் தண்ணீர் இல்லை, மீன் இல்லை, பார்த்துக்கொள்ள எட்டுப் பேர் இல்லை. தூங்கிவிட்டேன்.

மார்ச் 13, புதன்

அழுத்த அறையில் நான்காவது முறை. மோதிர விரல் கொஞ்சம் விழித்திருக்கிறது. சுண்டு விரல் இன்னும் விழிக்கவில்லை. கால் நிற்கிறது.

டாக்டரம்மா நேரடியாகப் பேசுகிறவர். "அன்னைக்கே வந்திருந்தா இதுவும் சரியாகியிருக்கும்மா. இனிமே கீழ போகக்கூடாது."

"எத்தன மாசம்?"

"மாசக் கணக்கு இல்ல."

மார்ச் 24, ஞாயிறு. டங்ரிகா, அக்கா வீடு

பதினான்கு மணி நேரம் தூங்கினேன். எழுந்து கஞ்சி குடித்தேன். மறுபடி தூங்கினேன்.

மார்ச் 31, ஞாயிறு

யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. எல்ராய் மேல். டோபியாஸ் மேல். அந்த மனிதர் கையை விரித்துக்கொண்டு சந்தோஷமாக இறங்கியதன் மேல். இஸ்மாயேலா அக்கா சொல்கிறாள்: "ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு ஏன்டி அவ்வளவு கஷ்டம்?" அவள் முகத்தில் அடிப்பதுபோல் கதவைச் சாத்தினேன். அப்புறம் யோசித்தேன். நான் இல்லாமல் படகு போகாது என்று பத்தொன்பது வருடமாக நம்பியிருக்கிறேன். மூன்று வாரமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

எல்ராய் வந்தார். அக்கா பன்னும் பாலாடைக்கட்டியும் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மூணு பேர் இல்லாம இனிமே கெளம்பறதில்ல. ரெண்டு பயணம் ரத்து பண்ணேன்." பிறகு, "மேல்தளத்த நீ பாத்துக்க. இறங்க வேண்டாம்."

இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறாரா? கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்.

"யார் இறங்கலாம், யார் கூடாதுன்னு நான் சொன்னா சொன்னதுதான். விருந்தாளி மட்டுமில்ல. நம்ம ஆளுங்களும்."

"நான் உட்பட?"

"நீங்க உட்பட."

பன்னைக் கடித்தார். "சரி" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. இரண்டு பன் கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஜூன் 11, செவ்வாய். டர்னெஃப்

எல்லோரும் இறங்கிய பிறகு படகில் இப்படி ஒரு அமைதி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. நான் எப்போதும் கீழே இருந்தவள். தண்ணீர்மேல் குமிழிகள் வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. கிளாரிட்டா கவனிக்காததுபோல் வெங்காயம் நறுக்கினாள்.

ஜூன் 27, வியாழன். லைட்ஹவுஸ்

பிற்பகல் டைவுக்கு ஆட்கள் உடை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கென்ரிக் பக்கத்தில் வந்து நின்றான். சிலிண்டர் வாரை இறுக்கினான், தளர்த்தினான், மறுபடி இறுக்கினான்.

"அக்கா. முழங்கை வலிக்குது. காலையிலேர்ந்து."

"அசைச்சா கூடுதா?"

"இல்ல. உள்ளுக்குள்ளயே இருக்கு." தலையைக் குனிந்துகொண்டான். "ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். ஆனா சொல்லணும்னு தோணிச்சு."

அசைத்தாலும் கூடாத வலி, குமிழி வலி. படகு முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்ராயைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஓட்டும் அறைக்குப் போனார். இன்றைய டைவ் முடிந்தது என்று நான் சொன்னதும் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

கென்ரிக்கைப் படுக்க வைத்து ஆக்சிஜன் முகமூடியை மாட்டினேன். வாரை இறுக்க எனக்குக் கொஞ்சம் நேரமாகிறது, எட்டு விரல்தான் முழுசாக வேலை செய்கின்றன. பொறுமையாகக் கிடந்தான். எஞ்சின் ஓடத் தொடங்கி, படகு சான் பெட்ரோ பக்கம் திரும்பியது. முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொல்ல வந்தான், மன்னிச்சுக்கோ என்றோ, கெடுத்துட்டேன் என்றோ.

"பேசாத" என்றேன். "மூச்சு விடு."