கடல்மனை வாசலில் மாட்டிய துடுப்பு

பவழத்துறைச் சுண்ணாம்புப் பூச்சுக்காரன் சேந்தன், வயது இருபத்தொன்று, கடற்கரையிலிருந்து பதினொரு நாள் வழியிலுள்ள வெண்குன்ற நாட்டுத் தலைநகர் மாடகிரியில், அரசியார் பவழநங்கையாரின் புதுமனைப் படிக்கு வெளியே உட்கார்ந்து வாயால் சொல்ல, ஓலைநாயகம் காரியார் எழுத்தாணியால் எழுதியது.

அலைவாய் காக்கும் கோமகனும், முத்துக் குளிப்போர்க்கு நிழலும், எங்கள் அரசியாரைப் பெற்ற தந்தையுமாகிய பவழத்துறை வேந்தர் பெருங்கழியார் திருமுன்புக்கு: தங்கள் கடலில் மீன் பொலிக, தங்கள் உப்பளங்கள் வெளுக்க, போன கலங்கள் எல்லாம் போன எண்ணிக்கையிலேயே கரை சேர்க, தங்கள் அரண்மனை அடுப்பு ஒருநாளும் அணையாதிருக்க. கடைசி வாழ்த்தை நடுக்கத்தோடுதான் சொல்கிறேன். காரணம் பின்னே வருகிறது.

வழக்கமான அரச ஓலையின் நடை இதில் இராது, பொறுத்தருள வேண்டும். இந்த ஓலை புறப்படுமுன் அரசியாருக்குப் படித்துக் காட்டப்படும். ஆகையால் அரசியாரின் கணவரான மன்னர் கோப்பெருங்குன்றர், "அவன் வாயில வர்றபடியே எழுதுங்க. நீங்க அழகுபடுத்தினா அவ ஒரு சொல்லும் நம்பமாட்டா" என்று ஓலைநாயகத்துக்குக் கட்டளையிட்டிருக்கிறார்.

தங்கள் மகளார் இங்கே மணமாகி வந்த நாள்முதல் உறக்கமில்லாமல் இருந்ததும், மலைக்காற்றில் இரைச்சலே இல்லை என்று வருந்தியதும் தாங்கள் அறிந்ததே. மன்னர் அவருக்காக ஒரு கடல்மனை அமைக்க எண்ணி ஆள் கேட்டார். தாங்கள் பன்னிரண்டு வண்டிச் சாமானும் என்னையும் அனுப்பினீர்கள். கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பைச் சுவரில் ஐந்து பூச்சுப் பூசி, முழங்கால் உயரத்துக்கு அவுரி நீலம் தீட்டினேன். கூரைக்குக் கீழே பழைய வலையை விதானமாகக் கட்டினேன். உடைந்த தோணிப் பலகைகளைச் சேர்த்துக் கதவு செய்தேன். சன்னலில் சிப்பிச் சரம், தரையில் கோரைப்பாய், முற்றத்தில் நம் கரை மணல். மூங்கில் குழாய்க்குள் மணலைப் போட்டுச் சாய்த்தால் அலை ஓசை வரும் என்று அதையும் செய்தேன்.

அமைச்சர் மாவெண்கோ தினமும் வந்து பார்ப்பார். கடலைக் கண்டறியாதவர், ஆனால் மனை அழகாக வரவேண்டும் என்பதில் என்னைவிட ஆசை அவருக்கு. "கடல்னா கருவாட்டு வாசம் வேணாமாடா?" என்று ஒரு கூடைக் கருவாட்டை மாடத்தில் தொங்கவிடச் செய்தார். மறுநாள் மாடகிரியின் பூனைகள் அத்தனையும் முற்றத்துக்கு வந்து சேர்ந்தன. "இதுங்களும் கடல்ல இருக்குமா?" என்று கேட்டார். சிரித்தோம். நான் கடைசியாகச் சிரித்தது அன்றுதான்.

பன்னிரண்டாவது வண்டியின் அடியில் ஒரு துடுப்பு இருந்தது. பிடியில் கயல் மீனும் அதன் கீழே இரண்டு வெட்டும் செதுக்கியிருந்தன. அது தங்கள் இளைய மகனார், இளவரசர் கயலனாரின் துடுப்பு. தமக்கைக்குத் தம்பி கொடுத்தனுப்பிய பரிசு என்று மகிழ்ந்து, வாசலுக்கு மேலே, அகன்ற முனை கீழே இருக்கும்படி மாட்டினேன். அதுதான் நம் கரையின் முறை.

அமைச்சர் பார்த்துவிட்டு, "என்னடா இது, சட்டுவத்த மாட்டின மாதிரி இருக்கு? திருப்பி மாட்டு, பூ விரிஞ்ச மாதிரி இருக்கட்டும்" என்றார்.

"ஆகாதுங்கய்யா" என்றேன்.

"ஏன் ஆகாது?"

வேந்தே, நான் எப்படிச் சொல்வேன்? முனை மேலே இருந்தால் அந்த வீட்டு ஆள் கடலிலிருந்து திரும்பவில்லை என்று பொருள். அதைப் புதுவீட்டுக்குள், முதல் விளக்கு ஏற்றுமுன் வாய்விட்டுச் சொன்னால் சொன்னது பலித்துவிடும் என்பதும் நம் கரையின் முறைதானே. வாயை மூடிக்கொண்டு திருப்பி மாட்டினேன். அமைச்சர் போனதும் சரிசெய்துவிடலாம் என்று எண்ணினேன். அவரோ பொழுது சாயும்வரை அங்கேயே நின்றார். அதற்குள் ஆவல் பொறுக்கமாட்டாமல் அரசியார், குறித்த நாளுக்கு முதல்நாளே பல்லக்கில் வந்து இறங்கினார்.

வாசலில் நிமிர்ந்து பார்த்தார். பிடியின் கயலைப் பார்த்தார். நம் கரையின் துக்க முறைப்படி வளையல்களைக் கழற்றிப் படியில் வைத்தார். நான் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். அமைச்சரும் அழுதுகொண்டே தம் பிழைதான் என்றார். இளவரசரைப் பற்றிக் கெட்ட செய்தி எதுவும் வரவில்லை என்று மன்னர் சத்தியம் செய்தார்.  அரசியார் என்னைப் பார்த்து மட்டும், இத்தனை மாதமாகப் பேசிவந்த மலைநாட்டுப் பேச்சை விட்டு நம் கரைப் பேச்சில் கேட்டார்: "ஏலே சேந்தா, உசுரோட இருக்கிறவன் தன் துடுப்பக் குடுத்து விடுவானா, லே?"

  வண்டிகளில் சாமான் ஏற்றிய அன்று இளவரசரை நான் பார்க்கவில்லை. துடுப்பை ஏற்றியவர் யார் என்றும் தெரியாது. முதலில் அவரைத் தேற்றத்தான் பேசினேன். இப்போது அந்தக் கேள்வி எனக்குள்ளும் புகுந்துகொண்டது.

துடுப்பைக் கீழ்நோக்கித் திருப்ப அரசியார் விடவில்லை. தொலைந்தவர் கைதான் அதைத் திருப்ப வேண்டும் என்கிறார். செய்தி வரும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்னும் முறைப்படி ஆறு நாளாகச் சமைத்தது எதையும் தொடவில்லை. உப்புக் கரைத்த நீர் மட்டும் குடிக்கிறார். மூங்கில் குழாயைச் சாய்த்துக் காட்டினேன். "இது மழைச் சத்தம்ல" என்று திரும்பிக்கொண்டார். அமாவாசை வரை தாங்கினால் பெரிது என்கிறார் மருத்துவர். அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. ஓட்டக்காரன் தங்களிடம் வரவே பதினொரு நாள் ஆகும். அதுவும் வழியிலுள்ள செம்பாற்றில் வெள்ளம் வடிந்தால்.

ஆகவே மறுமொழியை ஆள்வழி அனுப்ப நேரமில்லை. இளவரசர் உயிரோடிருந்தால் தங்கள் கரைக்குன்றின் உச்சியில் தீ மூட்டுக. அதைக் கண்டு குன்றுக்குக் குன்று மூட்ட மன்னர் வழிநெடுக ஆள் நிறுத்திவிட்டார். ஒரே மாலையில் வெளிச்சம் இங்கே தெரியும். இந்த மழையில் தீ எப்படி நிற்கும் என்று ஓலைநாயகம் கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை. இளவரசர் இல்லையென்றால் மூட்ட வேண்டாம். பொய்த்தீ வேண்டாம் என்று அரசியாரே சொல்லிவிட்டார்.

இவ்வோலையைக் கொண்டு செல்வோனை எக்காவலும் எத்துறையும் எச்சுங்கச்சாவடியும் ஒரு நொடியும் நிறுத்தலாகாது. நிறுத்தியோர் அரசாணை மீறியோர் ஆவர். வெண்குன்ற மன்னர் கோப்பெருங்குன்றர் இரட்டைக்குன்று முத்திரை இட்டது.

முத்திரைக்குக் கீழே நான் சில வரி சொல்லிக்கொள்ள மன்னர் இசைந்தார். என் அம்மா பவழத்துறை வடக்குத் தெருவில் இருக்கிறாள். நான் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். மற்றபடி இந்த ஓலை இப்போது எவர் கையில் இருக்கிறதோ, அவரைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: நான் முனை மேலாக மாட்டியது வெறும் தப்புதான், உண்மையல்ல என்று எனக்குத் தெரிய வேண்டும். இளவரசரைத் தேடிப் பாருங்கள். இருந்தால் தீ மூட்டுங்கள்.