அம்மா பேரில் ஒரு மனு

அன்புள்ள சின்னவளுக்கு, அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்குவது என் வழக்கம், இந்த முறை அதில் பாதிதான் உண்மை. போனில் சொன்னபடி வியாழக்கிழமை அம்மாவுக்கு இருதய ஆபரேஷன். இது உன் கைக்கு வரும்போது முடிவு உனக்குத் தெரிந்திருக்கும், எழுதுகிற எனக்குத் தெரியாது. அம்மா தைரியமாகத்தான் இருக்கிறாள், பக்கத்துக் கட்டில்காரியின் மருமகளைப் பற்றி முழு விவரமும் சேகரித்துவிட்டாள். பயம் முழுவதும் என் பங்குக்கு வந்துவிட்டது. டாக்டர் காகிதத்தில் இருதயம் வரைந்து காட்டினார், படம் சுமார்தான், கத்தியை இதைவிட நன்றாகப் பிடிப்பார் என்று நம்புகிறேன்.

முப்பது வருஷமாகத் தாலுகா அலுவலக வாசலில் மேசை போட்டு ஊராருக்கு மனு எழுதுகிறேன், ஆலயத்திலும் ஜெபம் என்றால் என்னைத்தான் எழுந்து சொல்லச் சொல்வார்கள். நேற்று ஆஸ்பத்திரி ஜெப அறையில் முழங்கால் போட்டேன். வாயில் வந்ததைக் கேள்: மேற்படியார் ஞாயிறு தவறாமல் ஆலயம் வந்துள்ளார், பாடகர் குழுவில் பணியாற்றியுள்ளார், எனவே அன்னாரது விண்ணப்பத்தைக் கனிவுடன் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றாக அமைந்துவிட்டது என்று திருப்தி வேறு. அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு, என் பேர்ல எதுக்குங்க மனு போட்டீங்க, நான்தான் ஆண்டவர்கிட்ட பேசிட்டேனே, நடுங்குறது நீங்க, உங்களுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன என்றாள். திரும்ப அதே அறைக்குப் போனேன். முழங்கால் போட்டு, ஆண்டவரே, பயமா இருக்கு, அவ இல்லாம என் சட்டை எந்த அலமாரில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது என்றேன். அவ்வளவுதான், ஆமென் சொல்லக்கூட மறந்துவிட்டேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் இதுவும் மனுவாகிவிடும். போகவில்லை, கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

இது வரும்போது எது நடந்திருந்தாலும் நீ ஜெபம் செய்யம்மா. சின்ன வயதில் நான் எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைத்த ஜெபம் வேண்டாம், அதில் இலக்கணம் மட்டும்தான் சுத்தம். உனக்கு என்னவோ அதைச் சொல், அழுகை வந்தால் அழு. வேளைக்குச் சாப்பிடு, இது அம்மா எழுதச் சொன்னது. கர்த்தர் உன்னையும் எங்களையும் கைவிடாதிருப்பாராக. அங்கே மறந்த ஆமெனை இங்கே எழுதிவிடுகிறேன். ஆமென்.

இப்படிக்கு,
மனுதாரர்,
உன் அப்பா