திரும்பாத முகம்

அய்யா,

இன்று காலைச் செய்தித்தாளில் என் வீட்டுக்காரருடைய முதுகு வந்திருக்கிறது. பக்கத்தில் உங்கள் முகம், சின்னதாக. பேத்தி வேலூரிலிருந்து வரும்போது வாங்கி வந்தாள். அவள் காலேஜில் படிக்கிறாள். எங்கள் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் பெண் அவள்தான், அதைச் சொல்லாமல் நான் விடமாட்டேன். அவள் வாசிக்கக் கேட்டுத்தான் நீங்கள் போய்ச் சேர்ந்த சங்கதி தெரிந்தது. நானும் ஐந்தாவது வரை படித்தவள். அவள் எழுந்து போனபிறகு எழுத்துக் கூட்டி இன்னொரு தடவை நானே படித்தேன். படத்துக்குக் கீழே ‘சுமை தூக்கும் ஒரு மலைவாசி’ என்று போட்டிருக்கிறார்கள். ஒரு மலைவாசியாம். அவர் பெயரை நான் வாயால் சொல்ல மாட்டேன், எழுதவும் கை வராது. உங்களுக்குத்தான் தெரியுமே.

எமர்ஜென்சி முடிந்த சமயம் நீங்கள் முதலில் வந்தீர்கள். படக்காரர் ஒருவர் காட்டு பங்களாவில் தங்கியிருக்கிறார் என்று என் வீட்டுக்காரர் வந்து சொல்ல, பொழுது சாய ஊரே பாயும் தலையணையுமாக வந்து உட்கார்ந்துவிட்டது. படம் என்றால் எங்களுக்குத் திரையில் ஓடுவதுதான். “எப்பங்க ஓட்டுவீங்க?” என்று பூசாரிக் கிழவர் கேட்டார். நீங்கள் கரிக்குச்சியைத் தூக்கிக் காட்டி, “இது ஓடாது பெரியவரே, நிக்கிற படம்” என்றீர்கள். “நிக்கிற படத்த பாக்க இவ்ளோ தூரம் நடக்க வுட்டியேடா” என்று கிழவர் என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே பாயைச் சுருட்டினார்.

அன்று முதல் அவர்தான் உங்களுக்கு வழிகாட்டி. பலா, புளி, சாமை என்று எதைச் சுமந்து அவர் மலை இறங்கினாலும் ஏறினாலும் பின்னாலேயே நீங்கள் நோட்டும் கரியுமாகப் போவீர்கள். வர்ண டப்பா ஒன்றுகூட மலைக்குக் கொண்டு வந்ததில்லை. அதெல்லாம் பட்டணத்தில் பூசிக்கொள்வது, அதற்கு முன்னால் கோடு எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்க வேண்டும் என்பீர்கள். ஒரே கழுத்து நரம்பை நாள் முழுக்கப் போட்டுப் போட்டுப் பார்ப்பீர்கள். மூட்டையோடு அவரை ஏற்றத்தில் நிறுத்தி வைத்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இறக்கி வைத்துவிட்டு நிற்கச் சொன்னால் என்ன என்று கேட்டேன். “எறக்கிட்டா அந்த முதுகு போயிடும்மா” என்றீர்கள். அப்புறம் மெதுவாக, “கோடு பொய் சொல்லிட்டா மேல எத்தனை வர்ணம் பூசினாலும் பொய்தான்” என்றீர்கள்.

அவர் சிரிப்பார். ஒரு நாள் களி தின்றுகொண்டே, “எத்தினி வாட்டிங்க இந்த முதுவயே போடுவீங்க? முன்னால மூஞ்சின்னு ஒண்ணு கீதுங்க” என்றார். “உன் மூஞ்சி எங்கப்பா ஓடிடப் போவுது, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்றீர்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அடுத்த மாசியில் புளி உலுக்க ஏறினவர் கிளை முறிந்து விழுந்தார். பஸ் நிற்கும் இடம்வரை டோலி கட்டித் தூக்கிப் போனார்கள். பாதி வழியில் தோளை மாற்ற இறக்கியபோது மூச்சு இல்லை. பெரியவனுக்கு அப்போது பேச்சுகூடத் திருந்தவில்லை, சின்னவள் வயிற்றில். கல்யாணத்துக்குக்கூட நாங்கள் போட்டோ எடுத்ததில்லை.

இது தெரியாமல் நீங்கள் வந்தீர்கள். அந்த முதுகுப் படத்துக்கு டில்லியில் பரிசு கிடைத்த சந்தோஷத்தில், அவருக்கு ஒரு சட்டைத்துணியோடு வந்தீர்கள். கேள்விப்பட்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். நான் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், அவர் முகம் இருக்கிற ஒரு தாள். நோட்டு நோட்டாகப் புரட்டினீர்கள். முதுகு, பிடரி, கெண்டைக்கால், மூட்டையைப் பிடித்த கை, மறுபடி முதுகு. பின்னாலேயே நடந்தவர் நீங்கள், முகம் எப்படி இருக்கும்?

மனதில் வைத்துப் போடுங்கள் என்றேன். போட்டீர்கள். மூக்கு கொஞ்சம் சப்பை, புருவம் நடுவில் சேரும், சிரித்தால் ஒரு பக்கம்தான் கோணும் என்று நான் சொல்லச் சொல்ல, யார் யாரோ வந்தார்கள். என் கொழுந்தன் எட்டிப் பார்த்து, “அண்ணி, இது ரேஞ்சரு மூஞ்சி” என்றான். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, தம்பியையே உட்கார வைத்துப் பார்க்கலாம் என்றீர்கள். அவன் அப்படியே என் மாமியார் ஜாடை, அவர் ஜாடை துளியும் இல்லை. வேண்டாம் என்றேன்.

கடைசியில் நீங்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. புதுத் தாள் எடுத்து, அவருக்குப் பின்னால் நடக்கிற மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு போட ஆரம்பித்தீர்கள். சும்மாட்டுத் துணி, அதன் கீழே பிடரி மயிர், மேல்மடல் மடங்கிய காது, தாடை திரும்புகிற இடம். அவரேதான். கூப்பிட்டால் திரும்பிவிடுவார் போல இருந்தது.

“இவருதாங்க. இப்பிடி கொஞ்சம் திருப்புங்கய்யா” என்றேன்.

கரிக்குச்சி தாளுக்கு மேலேயே நின்றது.

“திருப்பத் தெரியலியேம்மா. நான் பார்க்கலையே.”

“எதுனா போட்டுக் குடுங்க. புள்ளைங்க கேட்டா நான் இன்னாத்த காட்டுவேன்?”

நீங்கள் கரியைக் கீழே வைத்துவிட்டீர்கள். அதன்பிறகு உங்கள் கை அந்தத் தாளைத் தொடவில்லை. அவ்வளவு பெரிய கை, டில்லி வரை பேர் வாங்கின கை, மடியில் கிடந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்களாலும் ஆகவில்லை, என்னாலும் ஆகவில்லை. உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் வெகு நாள் ஆறவில்லை. அந்தத் தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போகும்போது நீங்கள் கும்பிட்டதற்குத் திருப்பிக் கும்பிடவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் மலைக்கு வந்தபோதெல்லாம், யாரைக் கண்டாலும் முதலில் முகத்தைப் போட்டு அந்தத் தாளை அவர்களிடமே கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை என்று சொல்வார்கள். என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பூசாரிக் கிழவர்கூடக் கண்ணாடிச் சட்டத்துக்குள் முறைத்துக்கொண்டிருக்கிறார். ஊரில் எல்லார் வீட்டிலும் முகம், என் வீட்டில் மட்டும் காது.

செய்தித்தாளில் இருந்த முதுகைக் காட்டிப் பேத்தி இன்று கேட்டாள். “இதுக்கு முன்பக்கம் தாத்தா எப்படி இருப்பாரு?”

சப்பை மூக்கு, சேர்ந்த புருவம் என்று சொல்லத் தொடங்கினேன். வார்த்தைதான் வந்தது. ரொம்ப வருஷம் நீங்கள் பாதியில் விட்ட அந்தக் கரித் தாளைக் கையில் எடுத்தாலே போதும், நீங்கள் விட்ட வெள்ளையில் அவர் தானாக வந்து நிற்பார். எப்போதிலிருந்து வராமல் போனார் என்று எனக்குத் தெரியவில்லை. கண் ஆபரேஷன் செய்தபிறகு கோடெல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. வெள்ளையும் வெள்ளையாகத்தான் தெரிகிறது.

அன்று நீங்கள் ஏதோ ஒரு முகத்தைப் போட்டுக் கொடுத்திருந்தால் நான் நம்பியிருப்பேன். பிள்ளைகளும் நம்பியிருப்பார்கள். பொட்டு வைத்துப் பூ வைத்து, இவ்வளவு காலத்தில் அதுவே அவராகியிருக்கும். நீங்கள் செய்யவில்லை. அதற்கு உங்களைக் கும்பிடுவதா வைவதா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை, அய்யா. அந்தத் தாளை மட்டும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அந்த வெள்ளையில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. அவரும் வரவில்லை.