நிலைக்குப் பாலிஷா, பெயிண்டா?

7 ஆகஸ்ட் 1994, ஞாயிறு

பாளையங்கோட்டையில் கட்டும் புது வீட்டுக்குக் கூரை வந்தாயிற்று, தரை வந்தாயிற்று, இன்று சண்டையும் வந்தாயிற்று. உள்ளே இருக்கிற கதவு நிலைகளுக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் பாலிஷா, பெயிண்டா? நான் பாலிஷ். இவர் பெயிண்ட். “பெயிண்ட்னா ஈரத்துணியால துடைச்சாப் போதும், லக்ஷ்மி” என்கிறார். துடைக்கப் போவது யார் என்று கேட்டேன். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளின் நீலப் பெயிண்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. மழைக்காலத்தில் கதவைச் சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. இந்தத் தேக்கை மரக்கடையில் நானே தட்டிப் பார்த்து எடுத்தேன். அதன் வரி தெரியாமல் மூடுவதா? நடக்காது.

11 வியாழன்

நான் இன்னும் பாலிஷ். இவர் இன்னும் பேப்பர்.

14 ஞாயிறு

பெயிண்டர் ஷேக் மைதீன் ஸ்டோர் ரூம் நிலையில் ஒரு பக்கம் பாலிஷும் மறுபக்கம் பெயிண்டும் பூசிக் காட்டினார். எது நல்லது என்று கேட்டால், யார் கேட்கிறார்களோ அவர்கள் சொன்னதுதான் நல்லது என்பார். மேலப்பாளையத்தில் அவருக்கு ஏன் இத்தனை வேலை வருகிறது என்று இப்போது புரிகிறது.

மாமியாரையும் கூட்டிப் போயிருந்தோம். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “வெள்ளிக்கிழமை நிலைக்கு மஞ்சள் பூசினா இந்தப் பாலிஷ் என்னப்பா ஆகும்?”

“தண்ணி ஆகாதும்மா. வெள்ளையாப் பூத்துரும்.”

“அப்போ மஞ்சள் வேண்டாம், பூ வெச்சாப் போதும்” என்றேன் நான், வெள்ளிக்கிழமை காலையில் பாடம் எடுக்கப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு வேலை குறைந்த சந்தோஷத்தில். “உன் ஆத்துல உன் இஷ்டம்” என்றார் மாமியார். வீடு திரும்பும்வரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். வெயில் போலும்.

21 ஞாயிறு

கூடத்து நிலைக்குப் பாலிஷ் முடிந்தது. என்ன அழகு! தேன் நிறம். இவரே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி நகர்ந்தார். ஜெயித்துவிட்டேன்.

26 வெள்ளி

வழக்கம்போலக் காலையில் வாடகை வீட்டு நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல மாமியார் உள்ளே தள்ளி நின்றுகொண்டு, “அந்த மூலையை விட்டுட்டே. பொட்டு கோணல்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் காலமாகி இந்த இரண்டு வருஷமாக ஒவ்வொரு வெள்ளியும் இதே கதை. எனக்கு எரிச்சல்.

முடித்ததும், “புது ஆத்துல உனக்கு இந்தத் தொந்தரவு இல்லை” என்று சிரித்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“இவ்வளவு ஆசைன்னா நீங்களே பண்ணப்படாதாம்மா?”

“நான் மஞ்சள் குங்குமத்தைத் தொடப்படாதுடி.”

“யார் சொன்னா? இந்தக் காலத்துல போய் —”

“யாரும் சொல்லலை. நானே தொடமாட்டேன். என் மனசு ஒப்பாது. கல்யாணமாகி வந்ததிலேர்ந்து வெள்ளிக்கிழமைன்னா இதுதான் என் கைவேலை. இப்போ நீ பண்றதைப் பார்த்துண்டாவது நின்னேன்.”

எனக்குச் சுருக்கென்றது. நச்சரிப்பு என்று நினைத்தேனே! அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த வேடிக்கை பார்ப்பது ஒன்றுதான். அதற்கும் நான் பாலிஷ் போடக் கிளம்பிவிட்டேன். இன்று வகுப்பில் ஒரு பாடமும் ஓடவில்லை. ஆனாலும் அந்தத் தேக்கு... சே, என்ன பெண் நான்.

அவர் தொடமாட்டேன் என்றால் தொடமாட்டார். வாதாடிப் பிரயோஜனமில்லை. மஞ்சளைத் தொடமாட்டார், சரி. வேறு எதைத் தொடுவார்?

28 ஞாயிறு

ஷேக் மைதீனிடம், கதவுக்குப் பாலிஷ் இருக்கட்டும், நிலை முழுக்கப் பெயிண்ட் என்று சொன்னேன். “அல்லாவே! தேக்குல போயி பெயிண்டு அடிக்கச் சொல்லுதியளே டீச்சர்! நீங்கதான பாலிசுன்னு ஒத்தக் கால்ல நின்னிய?” என்றார். கூடத்து நிலையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்ததும் நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். பார்க்கமுடியவில்லை.

“அப்போ நான் ஜெயிச்சேனா?” என்று இவர் குதித்தார். “இல்லை. நீங்களும் தோத்தேள், நானும் தோத்தேன்” என்றேன். புரியாமல் பேப்பரைத் தேடினார்.

வீட்டுக்கு வந்து மாமியார் முன்னால் ஒரு மஞ்சள் பெயிண்ட் டப்பாவை வைத்தேன். “இது மஞ்சள் இல்லைம்மா. எனாமல். மோந்து பாருங்கோ. பாலிஷ் மேல ஒட்டாதுன்னுதான் நிலைக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டேன். நிலைக்கு நீங்க ஒருதரம் பூசினா வருஷக்கணக்குல இருக்கும்.”

மூடியைத் திறந்தார். மோந்தார். மூடினார். “அசடு” என்றார். அவ்வளவுதான்.

29 திங்கள்

காலையில் காப்பி ஆற்றிக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி மாமியார் கேட்டார்: “பொட்டுக்குச் சிவப்பு வேணுமே. வாங்கினியோ?”

காப்பியை என் புடவையில் கொட்டிக்கொண்டேன்.

4 செப்டம்பர், ஞாயிறு

கிரீம் நிறம் காய்ந்த நிலைகளில் மாமியார் தம் கையால் மஞ்சள் பட்டை அடித்தார், சிவப்புப் பொட்டு வைத்தார். ஸ்டூலைப் பிடிப்பது என் வேலை. பூஜை அறை, சமையலறை, கூடம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு பொட்டு கோணல் இல்லை. “யம்மா, நீங்க நம்ம கூட வேலைக்கு வந்துருங்க” என்றார் ஷேக் மைதீன். மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு மறந்தே போயிருந்தது.

குளியலறை நிலையிலும் பட்டை அடிக்கப் போனார். அங்கே வேண்டாம்மா என்றேன். “ஏன், அதுவும் ஆத்துல சேர்ந்ததுதானே?” என்றார். விட்டுவிட்டேன். இப்போது எங்கள் குளியலறை கோயில் மாதிரி இருக்கிறது.

தேக்கின் வரி ஒன்றுகூடத் தெரியவில்லை. வருத்தம்தான். கொஞ்சம்.

8 வியாழன்

கிரகப்பிரவேசம் ஆயிற்று. சொந்தபந்தம் எல்லாம் வந்து வீடு கொள்ளவில்லை. மாமியார் காலையிலிருந்து சமையலறையை விட்டு வரவேயில்லை. கூப்பிட்டாலும், “நான் எதுக்குடி முன்னால?” என்றார்.

ஹோமத்தை நடத்தி முடித்து எழுந்த வாத்தியார் கூடத்து நிலையைப் பார்த்து நின்றார். “மஞ்சள் குங்குமம் ரொம்ப லக்ஷணமா இருக்கே. யார் கை?”

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறைக் கதவு திறந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே மாமியார் அத்தனை பேரையும் தாண்டிக் கூடத்துக்கு நடுவில் வந்து நின்றார்.

“நான்தான்” என்றார்.