மலை இறங்கினால் விரியும் வாசனை

அக்கா,

இன்று ஆபீஸ் லிஃப்டில் உன் சென்ட் வாசனை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போட்டிருந்தாள். மேலே மல்லிகையும் சம்பங்கியும் கலந்த இனிப்பான வெள்ளைப் பூ வாசம், அடியில் வெனிலா. நான் இறங்க வேண்டிய மாடி போய்விட்டது. மதுரை வெயிலில் அந்தப் பூ மத்தியானம் வரை தாங்காது என்று அவளிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள்.

கொடைக்கானல் குளிரில் கதை வேறு. ஏரிப் பக்கத்து லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குக் கிளம்பும்போது ஸ்வெட்டர் மேல் அடித்துத் தள்ளுவாய். பெரிதாக ஒன்றும் மணக்காது. குளிரில் ஆவியாகாது, உடம்புச் சூடு படுகிற மாதிரி மணிக்கட்டில் அடி என்று கெமிக்கல் என்ஜினியரிங் படித்த திமிரில் பாடம் எடுப்பேன்.

"ஏலே, கையெல்லாம் ஸ்வெட்டருக்குள்ள கெடக்கு. அத யாரு மோந்து பாக்கப் போறா?" என்பாய்.

அதே ஸ்வெட்டரோடு வத்தலக்குண்டு பஸ்ஸில் மலை இறங்குவாய். கீழே சூடு ஏற ஏற, அடித்ததெல்லாம் மொத்தமாகக் கிளம்பும். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். கல்யாண வீட்டுக்கா போறீங்க என்று ஒரு கண்டக்டர் கேட்டதில் உனக்குப் பெருமை வேறு. பூ போன பிறகும் வெனிலா மட்டும் கம்பளியிலேயே கிடக்கும், துவைக்கிற வரைக்கும்.

கடைசியாக மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலை. மருந்தில் முடியெல்லாம் கொட்டியபோது அழாத நீ, அன்றைக்குச் சென்டை அடித்து மோந்து பார்த்துவிட்டு அழுதாய். எதுவுமே தெரியவில்லை என்றாய். குளிராகவும் இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம், கீழே போனால் தெரிந்துவிடும் என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

பெருமாள்மலை தாண்டியும் ஸ்வெட்டர் கையை மூக்கிலேயே வைத்திருந்தாய். மலை முடிந்ததும் கார் கண்ணாடிகளை ஏற்றச் சொன்னாய். டிரைவர் அண்ணன்தான் முதலில் சொன்னார்.

"நிலக்கோட்ட பூ மார்க்கெட்டு இன்னும் வரலையே, அதுக்குள்ள இம்புட்டு வாசம் வருது."

என்னைப் பார்த்தாய். உனக்கு வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நீ சொல்லுலே. எப்படி இருக்கு?"

மல்லிகை என்றேன். அது பத்தாது என்றாய். கொடியில் பூத்த மல்லிகை இல்லை, சர்க்கரைப் பாகில் போட்டெடுத்த மல்லிகை என்றேன். பிறகு சம்பங்கி, கொஞ்சம் கனமாக, மாலை கட்டுகிற கடைக்குள் நுழைந்த மாதிரி. நிலக்கோட்டை தாண்டியதும் பூ தணிந்து, பக்கத்து வீட்டில் பால்கோவா கிண்டுவது போல வெனிலா. எதையும் இரண்டு வார்த்தையில் முடிக்கிற நான் மதுரை வரைக்கும் பேசினேன். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தாய். நான் நிறுத்தினால் மட்டும், "இப்ப?"

ஆஸ்பத்திரி வாசலில் கண்ணைத் திறந்தாய். "போதும்லே. மணக்கத்தான் செய்யுது."

அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. எந்த வாசனை வந்தாலும் மனசுக்குள் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் இங்கே மழை. முதலில் நனைந்த தார் ரோடு. அப்புறம் எதிர்க்கடையில் வடைச் சட்டி. அதற்குள் மொட்டைமாடியில் நான் மறந்துபோன சட்டையெல்லாம் நனைந்து ஒரு ஈர வாடை. அதையும் சொன்னேன்.